இறந்தவருக்கு இட்ட இலை

துலுக்கச் சாமந்தி என்று நாம் வழங்கும் பூவைச் சில ஜில்லாக்களில் செண்டுமல்லி என்பார்கள். கோயில் வாயிலிலும் கலியாணப் பந்தலிலும், ஆயுத பூஜையன்று மோட்டார் வண்டிகளின் முகப்பிலும் அது தொங்குவதைப் பார்த்துப் பார்த்து, ஆதிகாலந்தொட்டு அது நம்முடைய பூ என்றே நினைத்துவிட்டோம். பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘துலுக்க’ என்னும் அடைமொழி அது வெளியூர்ச் சரக்கு என்பதை ஒருவாறு ஒப்புக்கொள்கிறது; ஆனால் ஊரைத் தவறாகச் சொல்கிறது. அதன் பிறந்தகம் துருக்கியும் அன்று, அரேபியாவும் அன்று, மெக்ஸிகோ தேசம். மிளகாயும் தக்காளியும் வந்த திசையிலிருந்து, அவற்றைப் போலவே ஐரோப்பியரின் கப்பல் யுகத்தில் கடல் கடந்து வந்து, வந்த இடத்தில் வேரூன்றிவிட்ட பூ அது.

பிறந்தகத்தில் அதற்குச் செம்பசூச்சில் என்று பெயர். நஹுவாட்டல் என்னும் அந்நாட்டுப் பழைய பாஷையில் ‘இருபது பூ’ என்று பொருள். இதழ்கள் அடுக்கடுக்காக இருப்பதால் ஒரு பூவை இருபது பூவாக எண்ணிவிட்டார்கள் போலும். இறந்தோர் பூ என்று இன்னொரு பெயரும் உண்டு. அக்டோபர் மாதக் கடைசியில் மெக்ஸிகோவின் சந்தைகளில் அது மலை மலையாக வந்து குவிகிறது. வாங்கிப் போகிறவர்கள் அதை வீட்டில் காத்திருக்கும் விருந்தாளிக்காக வாங்குவதில்லை. இனிமேல் வரப்போகும் விருந்தாளிக்காக வாங்குகிறார்கள். அந்த விருந்தாளி இறந்துபோனவர்.

நவம்பர் முதல் தேதியும் இரண்டாம் தேதியும் மெக்ஸிகோவில் இறந்தவர்களின் தினங்கள். முதல் நாள் குழந்தைப் பருவத்தில் மாண்டவர்களுக்கு. இரண்டாம் நாள் பெரியவர்களுக்கு. விபத்திலோ வன்முறையிலோ அகால மரணம் அடைந்தவர்களுக்கென்று அக்டோபர் 28-ஆம் தேதியைத் தனியே ஒதுக்கி வைத்திருக்கும் ஊர்களும் உண்டு. அந்த நாட்களில் இறந்தவர்கள் தத்தம் வீட்டுக்குத் திரும்பி வந்து, ஒரு பொழுது தங்கி, உண்டு, உறவினரைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்பது ஐதிகம்.

வருகிறவர்களை வரவேற்க வேண்டாமா? வீட்டின் நல்ல அறையில் ஒரு மேஜையை இழுத்துப் போட்டு, துணி விரித்து, படிப்படியாகப் பீடம் அமைக்கிறார்கள். நம் வீடுகளில் நவராத்திரிக் கொலுப் படி கட்டுகிற மாதிரியே என்று வைத்துக்கொள்ளலாம். மேலே இறந்தவரின் படம். ஆத்மா ஒன்றுக்கு ஒன்றாக மெழுகுவர்த்திகள். நுணுக்கமாகக் கத்தரித்த வண்ணக் காகிதத் தோரணங்கள். ஒரு சட்டியில் கோபல் புகைகிறது. பெயரைக் கேட்டு நம்முடைய கோபாலனோ என்று யாரும் மயங்க வேண்டாம். அது நம் சாம்பிராணியைப் போன்ற மரப் பிசின். ஒரு கிளாஸ் தண்ணீரும் சிறிது உப்பும் தவறாமல் இருக்கும். நெடுந்தூரம் நடந்து வருகிறவருக்குத் தாகம் எடுக்கும் அல்லவா? சில வீடுகளில், முகம் கை கழுவிக்கொள்ளப் பாத்திரத்தில் நீரும், சோப்பும், துவைத்த துவாலையும்கூட வைக்கிறார்கள். தெருவிலிருந்து வாசற்படி தாண்டிப் பீடம் வரையில் செம்பசூச்சில் இதழ்களைத் தூவி ஒரு மஞ்சள் பாதை போட்டுவிடுகிறார்கள். அதன் நிறமும் காரமான வாசனையும் வருகிறவருக்கு வழி காட்டுமாம்.

பிறகு சாப்பாடு. எலும்புகளைப் போல உருட்டிய மாவை மேலே குறுக்கே பதித்துச் சுட்ட, சர்க்கரை தூவிய வட்டமான ரொட்டி ஒன்று. அதற்கு ‘இறந்தோர் ரொட்டி’ என்றே பெயர். மக்காச்சோள மாவை மடலில் பொதிந்து ஆவியில் வேக வைத்த தமால்கள். மிளகாயும் கொட்டைகளும் வேறு பல மசாலாக்களும், சில வகைகளில் சாக்கலேட்டுங்கூட, சேர்த்து அரைத்துக் காய்ச்சிய மோலே என்னும் குழம்பு. பாகில் வேக வைத்த பரங்கிக்காய். சர்க்கரையில் வார்த்த சிறிய மண்டை ஓடுகள். அவற்றின் நெற்றியில் வண்ணப் பாகினால் பெயர் எழுதியிருக்கும். இறந்தவர் பெயர்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். உயிரோடிருக்கும் நண்பர் பெயரை எழுதி அவர் கையிலேயே கொடுத்துச் சாப்பிடச் சொல்வதும் உண்டு. குழந்தைகளின் பீடத்தில் பாலும் மிட்டாயும் பொம்மைகளும் இருக்கும். அவர்களுக்கு வைக்கும் உணவில் பொதுவாகக் காரம் சேர்ப்பதில்லை. பாட்டனார் புகைக்கிறவராக இருந்தால் அவருக்குச் சிகரெட்டு. குடிக்கிறவராக இருந்தால், மதுவிலக்கு அன்பர்கள் மன்னிக்க வேண்டும், ஒரு கோப்பை மதுவும் உண்டு. செத்த பிறகாவது அவரைத் திருத்தலாம் என்று அந்த வீட்டுப் பெண்கள் முயல்வதில்லை.

இந்தப் பண்டிகையைப் பற்றி எழுதும் வெளிநாட்டார் பலரும் கவனிக்கத் தவறும் இடம் இதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. பீடத்தில் வைப்பது பொதுவான படையல் அன்று; இன்னாருக்கு என்று குறித்து வைத்தது. தகப்பனார் மோலேயில் எவ்வளவு காரம் கேட்பார், அத்தை காப்பிக்கு எத்தனை சர்க்கரை போடுவாள், மூன்று வயதில் போன பையன் எந்தப் பொம்மையைக் கட்டிக்கொண்டு தூங்குவான் என்பதெல்லாம் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும். திவசத்துக்கு மறுநாள் நம் வீட்டுப் பாட்டிமார், ‘அவருக்குச் சேனை வறுவல் என்றால் உயிர்’ என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வது நேயர்களுக்கு நினைவிருக்கும். அங்கே அந்த நினைவே சடங்கு. அது தெரிந்தவர் போய்விட்டால் பீடம் இருக்கும், பூ இருக்கும். விருந்தாளியை மட்டும் யாருக்கும் அடையாளம் தெரியாது.

வந்தவர்கள் உணவின் மணத்தையும் சாரத்தையும் மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். மிச்சத்தைக் குடும்பத்தாரும் அண்டை வீட்டாரும் பகிர்ந்து உண்கிறார்கள். ஆத்மாக்கள் தொட்ட பிறகு பண்டத்தில் ருசி இராது என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுகிறார்கள். தட்டில் மிச்சம் வைப்பதாக மட்டும் தெரியவில்லை.

வீட்டில் தொடங்கும் விருந்து கல்லறையில் முடிகிறது. தலைநகரின் ஓரத்திலுள்ள மிஸ்கிக் என்னும் பழைய கிராமத்தில் நவம்பர் 2-ஆம் தேதி பொழுது சாயும்போது கோயில் மணி ஒலிக்க, கல்லறைத் தோட்டம் முழுதும் ஆயிரக்கணக்கான மெழுகுவர்த்திகள் ஏறுகின்றன. மிச்சோவாக்கான் ராஜ்யத்தில் பாட்ஸ்க்குவாரோ ஏரியின் நடுவிலுள்ள ஹனிட்ஸியோ தீவில், புரேபெச்சா என்னும் பழங்குடிப் பெண்கள் சால்வையைப் போர்த்திக்கொண்டு, உணவுக் கூடையைச் சமாதியின் மேல் வைத்து, குளிரில் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைச் சுற்றி உல்லாசப் பிரயாணிகள் காமிராவும் கையுமாக அலைகிறார்கள். இறந்தவருக்கு விழித்திருக்கும் ஒரு பெண்ணின் முகத்தில் விளக்கைப் பாய்ச்சிப் படம் எடுப்பதற்கு என்ன நெஞ்சழுத்தம் வேண்டும் என்று நாம் வியப்பதுண்டு.

காம்பெச்சே ராஜ்யத்தில் பொமூச் என்று ஒரு மாயர் ஊர் இருக்கிறது. அங்கே புதைத்து மூன்று வருஷம் ஆனபின் சமாதியைத் திறந்து எலும்புகளை எடுத்து, மரப்பெட்டியில் அடுக்கி வைக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு வருஷமும் இந்தப் பண்டிகைக்கு முன் குடும்பத்தார் போய், அந்த எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தூசி தட்டித் துடைத்து, பூவேலை செய்த புதுத் துணி விரித்துத் திரும்ப வைக்கிறார்கள். பண்டிகைக்குப் புதுத் துணி உடுத்துவது போலத்தான். சிலர் துடைத்துக்கொண்டே ஊர்ச் செய்திகளை எலும்புகளுக்குச் சொல்வதும் உண்டு. நம்மில் பலருக்கு இதைப் படிக்கும்போது உடம்பு சிலிர்க்கும். ஆனால், சாம்பலிலிருந்து அஸ்தியைப் பொறுக்கிப் பால் தெளித்துக் கலசத்தில் இடும் கைகள் நம்முடையவை. சற்று நிதானித்துப் பார்த்தால் அருவருப்புக்கு இடமில்லை.

மெக்ஸிகோக்காரர்கள் மரணத்தைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள், அதற்கு அஞ்சாதவர்கள் என்று ஒரு கீர்த்தி உலகெங்கும் பரவியிருக்கிறது. கவி ஒக்டாவியோ பாஸ் 1950-இல் வெளியிட்ட கட்டுரை நூல் ஒன்று இந்த எண்ணத்துக்குப் பெரிதும் உரமிட்டது. சிரிப்பு இல்லாமல் இல்லை. பண்டிகைக் காலத்தில் மந்திரிகளும் நடிகர்களும் நேற்றே செத்துவிட்டதாகப் பாவித்துப் பரிகாசப் பாட்டுக் கட்டிப் பத்திரிகைகளில் போடுகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உபாத்தியாயர் மேல் பாடுகிறார்கள். ஆனால் பூயெப்லா ராஜ்யத்தில் வாகெச்சூலா என்னும் ஊருக்கு வந்து பாருங்கள். அந்த வருஷத்தில் சாவு நேர்ந்த வீட்டில், தரையிலிருந்து கூரை வரையில் வெள்ளைப் பட்டுத் துணியால் அடுக்கடுக்காக ஒரு மாளிகை எழுப்புகிறார்கள். இறந்தவரின் படம் நேரே தெரியாமல் கண்ணாடியில் பிரதிபலிக்கும்படி வைத்திருப்பார்கள். அடிப்படியில் அழுகிற குழந்தைகளின் சிறு பொம்மைகள். ஊரார் ஒவ்வொரு வீடாக வந்து மெழுகுவர்த்தி கொடுத்து வணங்குகிறார்கள். வந்தவர்களுக்குச் சாக்கலேட்டுப் பானமும் ரொட்டியும் கொடுக்கிறார்கள். அங்கே யாரும் சிரிப்பதில்லை. வருஷங்கள் சென்று துக்கம் ஆறிய வீட்டில் சிரிப்பு. ஆறாத வீட்டில் அழுகை. இதில் மெக்ஸிகோவுக்கே உரிய அதிசயம் என்ன இருக்கிறது?

இந்தப் பண்டிகை யாருடையது என்பதில் அந்நாட்டில் ஒரு நெடுநாள் வழக்கு உண்டு. 1521-இல் ஸ்பானியர் டெனோச்டிட்லான் நகரத்தைப் பிடிப்பதற்கு முன்பே, அங்கே ஆஸ்டெக்குகள் இறந்தவருக்கென்று இரண்டு விழாக்கள் நடத்தி வந்தார்கள். ஒன்று சிறியவர்களுக்கு, மற்றொன்று பெரியவர்களுக்கு. அவை கோடையில் வந்தவை. இறந்தவர் நான்கு வருஷம் நடந்து, ஒரு நாயின் துணையோடு ஆற்றைக் கடந்து, ஒன்பது அடுக்குகளைத் தாண்டி மிக்ட்லான் என்னும் கீழுலகை அடைவார் என்று நம்பினார்கள். வெற்றிக்குப் பிறகு வந்த பாதிரிமார் அந்த விழாக்களை நிறுத்திவிட்டு, ஐரோப்பாவில் பல நூற்றாண்டாக நடந்து வந்த சகல அர்ச்சிஷ்டவர் தினத்தையும் சகல ஆத்மாக்கள் தினத்தையும் நவம்பரில் கொண்டாடச் சொன்னார்கள். அவர்களில் தியேகோ துரான் என்பவர் கூர்மையான மனிதர். முதல் நாள் குழந்தைகளுக்கும் மறுநாள் பெரியவர்களுக்கும் சுதேசிகள் படையல் வைப்பதைக் கண்டு, பழைய விழாக்களைத்தான் தேதி மாற்றிக் கொண்டாடுகிறார்கள் என்று சந்தேகப்பட்டு, பதினாறாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்.

பிற்காலத்து மெக்ஸிகோ தேசீயவாதிகள் பாதிரியின் சந்தேகத்தைப் பெருமையாக எடுத்துக்கொண்டார்கள். 1910-இல் தொடங்கிய புரட்சிக்குப் பின் தேசத்துக்கென்று ஒரு சொந்த முகம் தேடியபோது, ஸ்பானியர் அழிக்க முயன்றும் அழியாத நம் முன்னோர் பண்டிகை இது என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். ஆராய்ச்சியாளர் சிலர் இதை மறுக்கிறார்கள். கல்லறையில் விளக்கேற்றுவதும், அன்றைக்கென்று ரொட்டி சுடுவதும் கத்தோலிக்க உலகம் எங்கும் உள்ளவை என்கிறார்கள். உண்மைதான். பிலிப்பைன் தீவுகளில் அன்று குடும்பம் குடும்பமாகக் கல்லறையில் கூடுகிறார்கள். நம் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்களும் அதே நவம்பர் 2-ஆம் தேதியைக் கல்லறைத் திருநாள் என்று பெயரிட்டு, சமாதிகளைக் கழுவிப் பூவிட்டு மெழுகுவர்த்தி ஏற்றுகின்றன. ஆனால் மக்காச்சோளமும் கோபல் புகையும் செம்பசூச்சிலும் ஸ்பெயினிலிருந்து வந்தவை அல்லவே. தேதி பாதிரியுடையது, பூ மண்ணுடையது. இரண்டையும் பிரிக்க முயன்ற பண்டிதர்கள் இரு கட்சியிலும் இருக்கிறார்கள்; பீடம் கட்டுகிறவளுக்கு அந்த விவாதம் எட்டியதாகத் தெரியவில்லை.

பண்டிகையின் முகமாக இன்று உலகம் அறிந்திருப்பது இறகுத் தொப்பி அணிந்த ஒரு பெண்ணின் எலும்புக்கூடு. அதற்குக் கத்ரீனா என்று பெயர். அதைச் செதுக்கியவர் ஹொஸே குவாதலூப்பே பொசாடா. 1852-இல் பிறந்து, காலணா அரையணாப் பிரசுரங்களுக்குப் படம் செதுக்கிப் பிழைத்தவர். சுதேசி ரத்தம் உடம்பில் ஓட, அதை மறைத்துக்கொண்டு ஐரோப்பியத் தொப்பி மாட்டிக்கொண்டு திரிந்த சீமாட்டிகளைக் கேலி செய்வதற்காகவே அவர் அந்தப் படத்தைச் செதுக்கினார். தொப்பி மட்டும் உண்டு, உடம்பில் சதை இல்லை! தியேகோ ரிவேரா 1947-இல் முடித்த பெரிய சுவரோவியத்தில் அவளுக்கு முழு உடலும் உடையும் கொடுத்து நடுவில் நிறுத்தினார். அவள் ஒரு கையைப் பொசாடா பற்றியிருக்கிறார்; மறு கையைச் சிறுவனாகிய ரிவேராவே பிடித்திருக்கிறார். அந்த ஓவியம் இருந்த ஹோட்டல் 1985-ஆம் வருஷப் பூகம்பத்தில் சேதமடைந்தபின், ஓவியத்தைப் பெயர்த்துத் தனிக் காட்சிசாலை கட்டி வைத்திருக்கிறார்கள். பொசாடாவுக்கோ இந்தப் பாக்கியம் இல்லை. 1913-இல் அவர் ஏழையாக இறந்து, தலைநகரத்து தொலோரெஸ் கல்லறையில் கடைசித் தரக் குழியில் புதைக்கப்பட்டார். ஏழு வருஷம் வரையில் உரிமை கோரி யாரும் வராததால், எலும்புகளைத் தோண்டி எடுத்து அநாமதேயர்களின் பொதுக் குழியில் போட்டுவிட்டார்கள். ஒரு தேசத்தின் எலும்புக்கூடுகளுக்கெல்லாம் முகம் கொடுத்தவருடைய எலும்புகள் எங்கே என்று இன்று யாராலும் காட்ட முடியாது.

இப்படிப்பட்டவர்களையும் அந்த ஊர்க்காரர்கள் மறக்கவில்லை. நினைப்பதற்கு யாருமற்ற ஆத்மாவுக்கென்று பல வீடுகளில் ஒரு மெழுகுவர்த்தியோ ஒரு கிளாஸ் தண்ணீரோ தனியாக வைக்கிறார்கள். சில வீடுகளில் வாசலுக்கு வெளியே வைக்கிறார்கள்.

சமீப காலத்துக் கூத்துக்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐக்கிய நாடுகளின் கல்வி கலாசார ஸ்தாபனம் 2008-இல் இந்தப் பண்டிகையை மனிதகுலத்தின் பாரம்பரியச் செல்வங்களின் ஜாபிதாவில் சேர்த்தது. 2013-இல் அமெரிக்கச் சினிமாக் கம்பெனியாகிய டிஸ்னி, பண்டிகையின் பெயரையே வியாபார முத்திரையாகப் பதிவு செய்துகொள்ள மனுப் போட்டது. கிளம்பிய எதிர்ப்பைக் கண்டு மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டது. தீபாவளியைப் பதிவு செய்யப் பட்டாசுக் கம்பெனி கிளம்பாமல் இருக்கிறதே என்று நாம் சந்தோஷப்படலாம். 2015-இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படம் ஒன்றில், தலைநகர் வீதிகளில் எலும்புக்கூடு வேஷதாரிகளின் மகத்தான ஊர்வலம் ஒன்றைக் காட்டினார்கள். அப்படி ஒரு ஊர்வலம் அந்நகரில் நடந்ததே இல்லை. ஆனால் படத்தைப் பார்த்துவிட்டு வரும் பிரயாணிகள் ஊர்வலம் எங்கே என்று கேட்பார்களே! 2016 முதல் நகர சர்க்கார் நிஜமாகவே ஊர்வலம் நடத்த ஆரம்பித்துவிட்டது. இதைப் பெரிய பாவமென்று நாம் சொல்லமாட்டோம். வீதியில் நடப்பது வீட்டுக்குள் இருக்கும் தண்ணீர்க் கிளாஸை அசைத்துவிடாது.

அது அசையாது என்பதற்கு 2020-ஆம் வருஷமே சாட்சி. கொள்ளை நோயினால் அவ்வருஷம் தலைநகரிலும் பல ஊர்களிலும் கல்லறைகளைப் பூட்டிவிட்டார்கள். நோயில் மாண்டவர்களுக்காகச் சர்க்கார் மூன்று நாள் தேசீய துக்கம் அறிவித்தது. ஊர்வலமும் இல்லை, பிரயாணிகளும் இல்லை. சவ அடக்கத்துக்குக்கூடப் போக முடியாதிருந்த குடும்பங்கள் வீட்டுக்குள் மேஜையை இழுத்துப் போட்டுப் புதுப் படம் ஒன்றைச் சேர்த்து வைத்தன.

பூட்டிய கல்லறையைத் தாங்கிய பீடம் தாங்க முடியாத துக்கம் ஒன்றும் அந்த நாட்டில் இருக்கிறது. போதைச் சரக்குக் கும்பல்களின் அட்டூழியத்தாலும், அவற்றோடு கைகோத்த அதிகாரிகளின் துரோகத்தாலும் ஆண்களும் பெண்களும் காணாமற்போய்க் கொண்டிருக்கிறார்கள். சர்க்காரின் சொந்தப் பதிவேட்டிலேயே காணாமற்போனோர் தொகை 2022-ஆம் வருஷம் மே மாதத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. 2014-ஆம் வருஷம் செப்டம்பரில், அயோட்ஸினாபா கிராமிய உபாத்தியாயர் பயிற்சிப் பள்ளி மாணவர் 43 பேர் ஒரே இரவில் மறைந்தார்கள். அவர்களில் மூவருடைய எலும்புத் துணுக்குகள் மட்டுமே அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. சர்க்கார் தேடாததால் தாய்மார்களே கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து, மண்வெட்டியும் கூரிய இரும்புக் கம்பியும் எடுத்துக்கொண்டு பொட்டல் காடுகளில் தேடுகிறார்கள். மண்ணில் கம்பியை அடித்து இறக்கி, வெளியே இழுத்து, அதன் நுனியை முகர்ந்து பார்க்கிறார்கள். பிண வாடை இருந்தால் அங்கே தோண்டுகிறார்கள்.

அந்த வீடுகளிலும் நவம்பர் வருகிறது. மகனுக்குப் பிடித்த பண்டம் எது, எவ்வளவு காரம் வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தாய்க்குத் தெரியும். ஆனால் பீடத்தில் அவன் படத்தை வைத்துவிட்டால், அவன் இறந்துவிட்டான் என்று முதலில் ஒப்புக்கொண்டவள் அவளே ஆகிவிடுவாள். தேடுகிறவர்களில் பலர் அதற்கு இணங்குவதில்லை. தாய் தந்தையர் படங்களை வைக்கிறார்கள். பூவும் தண்ணீரும் ரொட்டியும் வைக்கிறார்கள். மகன் படத்தை மட்டும் அங்கே வைப்பதில்லை.